அடிக்கிழிவும் பக்கக்கன்றும்: கடற்சாமந்திக்குச் சில சொற்கள்

மடல் 1

அன்புள்ள நண்பர்களுக்கு, வணக்கம்.

உப்புநீர்த் தொட்டி வைத்திருப்பவர்களுக்கான கையேட்டில் 'பெடல் லேசரேஷன்' என்பதற்குச் சொல் தேவைப்படுகிறது. பூப்போலத் தோன்றும் கடல்விலங்கான கடற்சாமந்தியின் (சீ அனிமோன்) உடற்பகுதிகளுக்குச் சிக்கல் இல்லை. பாறையைப் பற்றும் அடிப்பகுதி அடிவட்டு, வாய் இருக்கும் மேற்பரப்பு வாய்வட்டு, இரண்டுக்கும் நடுவே தண்டு, வாயைச் சுற்றி உணர்நீட்சிகள் என்று எழுதிவிட்டோம்.

நிகழ்வு இதுதான்: சாமந்தி பாறைமேல் மெல்ல நகரும்போது அடிவட்டின் ஓரத்துத் துணுக்கு பாறையிலேயே ஒட்டி நின்றுவிடும். கடுகைவிடச் சிறிய அந்தத் துணுக்கு உருண்டு திரண்டு, ஒன்றிரண்டு வாரத்தில் தனக்கென வாயும் நீட்சிகளும் வளர்த்துக்கொள்ளும். முட்டையோ விந்தோ இதில் இல்லை. தாயின் அதே மரபணு, தாயின் உடலுக்குள் குடியிருந்த அதே பாசி.

இதை இப்போது 'குட்டி போடுது' என்றும் 'மொட்டு விடுது' என்றும் எழுதுகிறார்கள். மொட்டு என்பது ஹைட்ரா என்ற சிறு நன்னீர் உயிரியைப் போல உடல்சுவரில் முளைத்து எழுவது. குட்டி என்றால் தாய் வயிற்றிலிருந்து வந்ததாகப் பொருள்படும். ஆக்டினியா எக்வினா போன்ற சில சாமந்திகள் உண்மையிலேயே இளசுகளை உள்ளே வளர்த்து வாய்வழியே வெளிவிடுகின்றன. அந்தச் சொல் அவற்றுக்கு வேண்டும்.

'பாதச் சிதைவு' பொருந்துமா?

அன்புடன்

மடல் 2

> 'பாதச் சிதைவு' பொருந்துமா?

ஐயா, சிதைவு வேண்டாம். சாகும் சாமந்தி கூழாகக் கரைந்து தொட்டியில் அமோனியாவை ஏற்றும். அந்த நிலையைச் சொல்ல 'சிதைவு' நமக்குத் தேவைப்படும். இங்கே நடப்பது கிழிதல். 'அடிக்கிழிவு' என்றே சொல்லலாம். அடிவட்டு என்ற சொல்லோடும் இணங்கிப்போகும்.

யாருக்கு இந்தச் சொல் அதிகம் பயன்படும் என்பதையும் பார்க்க வேண்டும். பாறையில் புதிதாக 4 மிமீ அளவில் ஏதோ விரிந்திருக்கிறது என்று கேட்பவர்களில் பெரும்பாலோரிடம் இருப்பது அழகுக்கு வாங்கிய சாமந்தி அன்று, உயிர்ப்பாறையோடோ (நுண்ணுயிர்கள் குடியேறிய கடற்பாறைத் துண்டு) பவளத்துண்டோடோ தொற்றி வந்த கண்ணாடிச் சாமந்தி. அப்டேசியா என்று கடைகளில் சொல்வது. 2014இல் இதை எக்சைப்டேசியா என்ற பேரினத்தில் சேர்த்தார்கள். கையேட்டில் எக்சைப்டேசியா டயாஃபனா என்றே போடுங்கள். பவளத்துக்கும் பாசிக்கும் உள்ள உறவை ஆராய்பவர்கள் இதை ஆய்வகத்தில் வளர்ப்பதற்கு ஒரு காரணம், அடிக்கிழிவால் ஒரே மரபணுவுள்ள கூட்டத்தை எளிதாகப் பெருக்க முடிவதுதான். அதே திறன் வீட்டுத் தொட்டியில் தலைவலி.

அடையாளம் காண ஒரு உருப்பெருக்கிக் கண்ணாடியும் பக்கவாட்டு வெளிச்சமும் போதும். கண்ணாடிச் சாமந்தியின் தண்டு ஒல்லியாக, உள்ளே தெரிகிற பழுப்பு நிறத்தில் இருக்கும். நீட்சிகள் நுனிவரை மெலிந்து ஊசியாக முடியும். குச்சியைப் பக்கத்தில் கொண்டுபோனாலே வெடுக்கென்று பொந்துக்குள் இழுத்துக்கொள்ளும். மேலும் சீண்டினால் தண்டுச் சுவரின் நுண்துளைகள் வழியே வெள்ளை நூல்களை வெளியே விடும். இந்த நூலைப் பார்த்துவிட்டால் சந்தேகமே வேண்டாம்: கோமாளி மீனுக்காக வாங்கும் குமிழ்நுனிச் சாமந்தி, கம்பளச் சாமந்தி எவற்றுக்கும் அது கிடையாது.

நீட்சி குட்டையாக, நுனி சற்றுத் தடித்து, பச்சையோ பழுப்போ கலந்திருந்தால் அது மஜானோ என்ற வேறொரு சாமந்தி, அதுவும் களைதான். நுனியில் வெள்ளையாகவோ ஆரஞ்சாகவோ உருண்டை இருந்து, இரவில் மட்டும் விரிந்தால் பந்துச் சாமந்தி. குமிழ்நுனியின் இளசை நுனிக் குமிழை வைத்து முடிவு செய்யக் கூடாது. எல்லா நேரமும் குமிழ் இருப்பதில்லை.

மடல் 3

அடிக்கிழிவு எனக்கும் சம்மதம். அது நிகழ்வின் பெயர். அதில் பிறந்த இளசுக்கும் ஒரு பெயர் வேண்டுமே?

வாழைத் தோட்டத்தில் சொல் தயாராக இருக்கிறது: பக்கக்கன்று. தாயின் அடியிலிருந்து வரும், விதையில்லாமல் வரும், தாயின் அதே குணத்தோடு வரும், தாயைச் சுற்றி வட்டமாக நிற்கும். கண்ணாடிச் சாமந்தி ஒன்றைச் சுற்றி ஏழெட்டுப் புள்ளிகள் முளைத்திருப்பதைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். முட்டை கருவுற்று, பிளானுலா என்ற நீந்தும் இளவுயிரியாகி, பிறகு பாறையில் அமர்ந்து வளர்வதை விதைக்கன்று எனலாம். தென்னை, மா வளர்ப்பவர்கள் அன்றாடம் புழங்கும் சொல் அது.

கன்று என்பதில் இன்னொரு வசதியும் உண்டு. தொல்காப்பிய மரபியலில் யானை, குதிரையின் இளமைக்கும் கன்று, ஓரறிவுயிரான மரஞ்செடியின் இளமைக்கும் கன்று. பூப்போலத் தோன்றும் விலங்குக்கு இரண்டு பக்கமும் செல்லும் சொல் கிடைப்பது அரிது.

மடல் 4

> தாயின் அடியிலிருந்து வரும்

அம்மா, ஒரு தடை. வாழைக்கன்று கிழங்கோடு ஒட்டி நின்று தாயிடம் சத்து வாங்குகிறது. சாமந்தித் துணுக்கு வாய் முளைப்பதற்கு முன்பே அறுந்துவிடுகிறது. ஒட்டும் உறவும் இல்லை. ஒப்புமை இந்த இடத்தில் ஒடிகிறது.

மடல் 5

ஒடிகிறது, ஒப்புக்கொள்கிறேன். கையேட்டு வரையறையில் 'தாயிடமிருந்து அறுபட்டபின் வளர்வது' என்று ஒரு தொடர் சேர்த்தால் சரியாகிவிடும். ஆனால் இந்த ஒப்புமையைக் கைவிட எனக்கு மனமில்லை. வாழைக்காரர் பக்கக்கன்றை வெறுமனே அறுத்துவிட்டுப் போவதில்லை; அறுத்தால் நடுக்குருத்து மறுபடி எழும். அதனால் அறுத்த இடத்தின் நடுவில் சில சொட்டு மண்ணெண்ணெய் விட்டுக் குருத்தைக் கொல்வார்கள். (தொட்டிப் பக்கம் மண்ணெண்ணெய் போகவே கூடாது.) கண்ணாடிச் சாமந்தியைப் பிளேடால் சுரண்டுபவர் செய்யும் பிழையும் இதுவே. சுரண்டும்போது அடிவட்டு நாலாகக் கிழிந்தால் நாலும் கன்றாகும். 'குட்டி' என்று படித்தவருக்கு இது புரியாது. 'அடிக்கிழிவு', 'பக்கக்கன்று' என்று படித்தவர் கத்தியை எடுக்கும் முன்பே யோசிப்பார்.

கொல்லும் முறை: கலப்பில்லாத கால்சியம் ஹைட்ராக்சைடை உப்பில்லாத ஆர்ஓ நீரில் தோசைமாவுப் பதத்துக்குக் குழைக்கவும். வெற்றிலைச் சுண்ணாம்பு வேண்டாம், அதில் வேறு பொருள்கள் கலந்திருக்கலாம். பம்புகளை நிறுத்தி, 1 மிலி சிரிஞ்சை நிழல் விழாமல் பக்கவாட்டில் மெல்லக் கொண்டுபோய், வாயை மூடும்படி விடவும். சாமந்தி உள்ளே இழுத்துக்கொண்டாலும் பொந்தை நிரப்பி மூடிவிடவும். 15 நிமிடம் கழித்துப் பம்பைப் போடலாம். 100 லிட்டருக்கு ஒரு நாளில் நான்கைந்து சாமந்திகள் போதும். அதற்குமேல் போனால் பிஹெச் எகிறி மீன்கள் திணறும். பாதுகாப்புக் கண்ணாடி அணிந்துகொள்ளுங்கள், குழைவு கண்ணில் பட்டால் புண்ணாக்கும். எண்ணிக்கை நூறைத் தாண்டியிருந்தால் ஊசி வேலைக்காகாது. பெர்கியா என்ற கடல்நத்தைதான் வழி, அது கண்ணாடிச் சாமந்தியைத் தவிர வேறெதையும் தின்னாது. பெப்பர்மின்ட் இறாலும் தின்னும், ஆனால் அதன் பெயரில் ஒட்டக இறாலைக் கொடுத்துவிட்டால் பவளம் போய்விடும்.

மடல் 6

அம்மா, கொல்வதை மட்டும் எழுதினால் வளர்க்க வாங்கியவர்கள் தவித்துப்போவார்கள். குமிழ்நுனிச் சாமந்தி பெருகுவது அடிக்கிழிவால் அன்று, வாயோடு சேர்த்து மேலிருந்து கீழாக இரண்டாகப் பிரிவதால். அதற்கு 'நெடும்பிளவு' என்று வைப்போம். பிளந்து வந்ததைக் கன்று என்று சொல்ல வேண்டாம், 'பிளவு' போதும். யார் தாய், யார் சேய் என்று அங்கே இல்லை.

புதுப் பிளவின் ஒரு பக்கம் பச்சைப் புண். வாய் இறுக மூடும்வரை, ஏறக்குறைய ஒரு வாரம், தீனி வேண்டாம். பிறகு வாரம் இருமுறை, அரை மிளகளவு இறால் சதையை நசுக்கி, பம்பை நிறுத்தி நீட்சிமேல் வைக்கவும். சில மணி நேரத்தில் அப்படியே துப்பினால் துண்டு பெரிது. வெப்பம் 25 முதல் 27 பாகை, ஒப்படர்த்தி (நன்னீரோடு ஒப்பிட்ட தொட்டிநீரின் அடர்த்தி) 1.025. சித்திரை வெயிலில் சென்னைத் தொட்டிகள் 30ஐத் தாண்டும்போது உள்ளிருக்கும் பாசி வெளியேறிச் சாமந்தி வெளுக்கும். மின்விசிறியால் குளிர்வித்தால் நீர் ஆவியாகும், உப்பு போகாது. ஆகவே தொட்டிக் கண்ணாடியில் நீர்மட்டத்துக்குக் கோடு போட்டு, குறைந்ததை உப்பில்லாத ஆர்ஓ நீரால் அன்றன்றே நிரப்பவும். உப்புநீரால் நிரப்புவதுதான் அடிக்கடி நடக்கும் பிழை.

இடம் பிடிக்காவிட்டால் அது நகரும். இரவில் பம்பின் உறிஞ்சுவாயில் சிக்கி அரைபட்டு இளசுகள் சாவது உண்டு. வாங்கிவரும் முன்பே உறிஞ்சுவாய்க்குப் பஞ்சு உறை மாட்டிவிட வேண்டும். செம்பு கலந்த மீன் மருந்து ஒரு சொட்டும் ஆகாது. அவ்வப்போது சுருங்கிக் கழிவை வெளியே தள்ளுவது இயல்பு, அஞ்ச வேண்டாம். வாய் பிளந்தபடியே நின்று, தொட்டால் நீட்சி ஒட்டாமல், நாற்றமும் வந்தால் அது சிதைவு: உடனே எடுத்துவிட்டு நீரில் கால்பங்கு மாற்றவும்.

கையேட்டுக்கான பதிவு:

*அடிக்கிழிவு:* கடற்சாமந்தியின் அடிவட்டு ஓரத்திலிருந்து துணுக்கு கிழிந்து தனியுயிராக வளரும் பாலிலாப் பெருக்கம்.

*பக்கக்கன்று:* அடிக்கிழிவில் தாயிடமிருந்து அறுபட்டபின் வளரும் இளசு.

*விதைக்கன்று:* பிளானுலா அமர்ந்து வளரும் இளசு.

*நெடும்பிளவு:* வாயோடு சேர்த்து நெடுக்காக இரண்டாதல்.

மறுப்பு இருந்தால் அச்சுக்குப் போகுமுன் எழுதுங்கள்.