ஆமைத் தொட்டியில் வெள்ளைப் புழு: யார் யாருக்கு வந்தது?

இரணியல்காரி:
அன்றைக்கு அடித்த காற்றில் எங்கள் பக்கம் விடிய விடிய கரண்ட் இல்லை. தொட்டி மோட்டாரும் ஓடவில்லை. காலையில் பல் தேய்க்கப் போன சின்னவன் அப்படியே நின்று, "அம்மா, கண்ணாடி அசையுது" என்கிறான். கிட்டப் போய்ப் பார்த்தால் நாலு பக்கக் கண்ணாடியிலும் தலைமுடி கனத்தில் வெள்ளை வெள்ளையாக நெளிகிறது. ஒன்றிரண்டு இல்லை, கண்ணாடியே மங்கித் தெரியும் அளவுக்கு. எங்கள் ஆமை (சிவப்புக் காது, உள்ளங்கை அளவு) ஒன்றும் நடக்காத மாதிரி கல் மேல் ஏறிக் காலை நீட்டிக் கிடக்கிறது. அதன் கழுத்து மடிப்பில் ஒரு புழு ஒட்டிக்கொண்டு நெளிந்ததைப் பார்த்ததில் இருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை.

மாமியார் "கொண்டு போய் ஆத்துல விடு" என்கிறார். வீட்டுக்காரர் துபாயில். வீடியோ அனுப்பினால் சிரிக்கிற பொம்மை போடுகிறார். உங்களில் யாருக்காவது இப்படி வந்திருக்கிறதா? உள்ளே கையை விடலாமா, கூடாதா?

வடசேரிவாசி:
வந்திருக்கிறது. ஆமைக்கு ஒன்றும் ஆகாது, பயப்படாதீர்கள். நான் கண்ணாடியில் பார்த்தது கொஞ்சம்தான். ஃபில்டரைத் திறந்து ஸ்பாஞ்சைப் பிழிந்தபோதுதான் விஷயம் தெரிந்தது. காப்பி டிகாஷன் மாதிரி கறுப்பாக வடிந்தது, அதோடு சேர்ந்து புழுவும் வந்து விரல் இடுக்கில் எல்லாம் ஒட்டிக்கொண்டது. வீட்டில் அந்த வாளியை அதற்கப்புறம் யாரும் தொடவில்லை, இன்னும் கிணற்றடியில் கவிழ்ந்தே கிடக்கிறது. ஃபில்டரைச் சுத்தம் பண்ணுங்கள், போய்விடும். ஆனால் ஸ்பாஞ்சைக் குழாய்த் தண்ணீரில் கழுவாதீர்கள். தொட்டித் தண்ணீரையே ஒரு பாத்திரத்தில் பிடித்து அதில் பிழியுங்கள். குளோரின் பட்டால் அழுக்கைத் தின்கிற நல்ல பாக்டீரியா செத்துப் போகும், அப்புறம் தண்ணீர் நாறும்.

குளச்சல் சாளை:
ஃபில்டர் எல்லாம் அப்புறம். தின்ன என்ன போடுகிறீர்கள், அதைச் சொல்லுங்கள். எங்கள் வீட்டில் பாட்டா தினமும் சாளைத் தலை போடுவார். "கடற்கரையில் இருந்துகிட்டு இது எதுக்கு டப்பாத் தீனி திங்கணும்" என்பது அவர் கட்சி. ஆமை பாதியைக் கிழித்துத் தின்னும், மீதி கூழாங்கல் இடுக்கில் போய்ச் செருகிவிடும். ஒருநாள் பெரிய கல் ஒன்றைப் புரட்டினேன். அடியில் ஒரு மீன் கண். அதைச் சுற்றி வட்டமாகப் புழுக்கள், தலை எல்லாம் கண்ணுக்குள், வால் எல்லாம் வெளியே ஆடுகிறது. பாட்டாவைக் கூப்பிட்டுக் காட்டினேன். ஒன்றும் பேசாமல் போய்விட்டார். சாளை அன்றோடு நின்றது.

இரணியல்காரி:
மீன் போடுவதே இல்லை. பெல்லட் மட்டும்தான். பிள்ளைகள் எவ்வளவு கொட்டுகிறார்கள் என்று கடவுளுக்குத்தான் வெளிச்சம்.

மார்த்தாண்டம் ஆமைப்பிரியன்:
எனக்கும் வந்தது, கல் உப்பு போட்டேன், போகவில்லை. அது கிடக்கட்டும். எல்லாரும் "புழு, புழு" என்று பொதுவாகச் சொல்கிறீர்கள். எந்தப் புழு என்று முதலில் பார்க்க வேண்டாமா? ராத்திரி விளக்கை அணைத்து டார்ச் அடியுங்கள். உருண்டையாக, மெலிசாக, தண்ணீரில் வளைந்து வளைந்து நீந்தினால் அது கழிவு தின்னும் புழு. மண்புழுவின் சொந்தக்காரன். கூழாங்கல்லுக்குள் குடியிருக்கும். மோட்டார் நின்று தண்ணீரில் ஆக்சிஜன் குறைந்தால் மேலே ஏறி வரும். இரணியல் அக்கா வீட்டில் நடந்தது இதுதான். தட்டையாக, நெளியாமல் கண்ணாடியில் வழுக்கிக்கொண்டே போய், தலை முக்கோணமாக, இரண்டு புள்ளிக் கண்ணோடு இருந்தால் பிளனேரியா. அதை நசுக்கவோ வெட்டவோ வேண்டாம், துண்டு ஒவ்வொன்றும் தனிப் புழுவாக வளரும். சிவப்பாக இருந்தால் கடிக்காத ஒருவகைச் சிறு ஈயின் புழு, ஆமையே தேடித் தின்னும். மேல்மட்டத்தில் தலைகீழாகத் தொங்கினால் கொசு.

அடுத்தது தீனி. ஒரு வேளைக்கு ஆமையின் தலை அளவு பெல்லட் போதும். வளர்ந்த ஆமைக்கு ஒருநாள் விட்டு ஒருநாள் போட்டாலும் ஒன்றும் ஆகாது, கீரை இலை கூட்டலாம். தீனியைத் தொட்டியில் போடவே கூடாது. தனியாக ஒரு டப்பில் தண்ணீர் விட்டு ஆமையை அதில் இறக்கித் தின்னவிட்டு, முடிந்ததும் தூக்கித் தொட்டியில் விடுங்கள். டியூபை வைத்து உறிஞ்சி அடியில் உள்ள கசடை எடுங்கள், வாயால் உறிஞ்சாதீர்கள். வாரம் ஒருமுறை மூன்றில் ஒரு பங்கு தண்ணீர் மாற்றுங்கள், முழுவதையும் ஒரே நாளில் கொட்டாதீர்கள். கூழாங்கல்லே வேண்டாம், வெறும் கண்ணாடி அடி இருந்தால் புழு ஒளிய இடமில்லை. சிறு கல்லை ஆமை விழுங்கி வயிறு அடைபடுவதும் உண்டு. வெயில் காய மேடை இருக்கிறதா? அதற்குப் புறஊதா விளக்கு இருக்கிறதா? ஜன்னல் கண்ணாடி வழியாக வரும் வெயில் ஓட்டுக்கு உதவாது. பலர் இதைக் கவனிப்பதே இல்லை. ஓடு மெத்தென்று ஆன பிறகு...

குழித்துறை பாலம்:
அண்ணே, உப்புக் கதை ஒரு வரி, உபதேசம் இத்தனை வரி. அக்கா கேட்டது கையை விடலாமா என்று.

மார்த்தாண்டம் ஆமைப்பிரியன்:
விடலாம் தம்பி. எதற்காக விட வேண்டும், எப்படி விட வேண்டும் என்றுதானே எழுதிக்கொண்டிருந்தேன்.

கருங்கல் நர்ஸ்:
விடலாம், ஆனால் அப்புறம் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். இது புழுவுக்காக இல்லை. ஆமைக்கு நோய் இல்லாவிட்டாலும் அதன் குடலில் சால்மொனெல்லா என்ற கிருமி இருக்கலாம். குழந்தைகள் குட்டி ஆமையை வாயில் வைத்து வயிற்றுப்போக்கும் காய்ச்சலும் வந்ததால்தான் அமெரிக்காவில் 1975ல் நாலு அங்குலத்துக்குக் குறைந்த ஓடுள்ள ஆமை விற்கத் தடை போட்டார்கள். சமையல் தொட்டியில் ஆமைச் சாமான் கழுவாதீர்கள்.

என் கதை வேறு. டெங்கு பார்க்க வந்த பெண் நேரே பின்கட்டில் ஆமைத் தொட்டிக்கு டார்ச் அடித்தார். ஒன்றும் இல்லை. பக்கத்தில் குளோரின் போகட்டும் என்று தண்ணீர் பிடித்து வைத்திருந்த வாளியைப் பார்த்தார், கரண்டியில் கோரி வெள்ளைத் தட்டில் ஊற்றினார். துள்ளித் துள்ளிக் கூத்தாடுகிறது, ஒரு தட்டு நிறைய. "நீங்க நர்ஸ்தானே" என்று அவர் கேட்ட தொனி இன்னும் காதில் நிற்கிறது. ஆமை இருக்கும் தண்ணீரில் கொசுப்புழு தங்காது, பார்த்த உடனே தின்றுவிடும். பக்கத்து வாளிதான் ஆள்காட்டி. முட்டையில் இருந்து கொசுவாக ஒரு வாரம், பத்து நாள் போதும். ஒருநாள் வைத்த தண்ணீரே போதும், அதுவும் மூடி வையுங்கள்.

பூதப்பாண்டி வெற்றிலை:
வடசேரி அண்ணாச்சி, "ஆமைக்கு ஒன்றும் ஆகாது" என்று அடித்துச் சொல்லாதீர்கள். எங்கள் ஆமையின் கழிவோடு சேர்ந்து விரல் நகத்தை விட நீளமாக, வெள்ளையாக ஒன்று விழுந்தது. விழுந்து சுருண்டு நிமிர்ந்தது. அது தொட்டிப் புழு இல்லை, குடல் புழு. தீனி நன்றாகத் தின்னும், ஆனால் கனமே ஏறாமல் இருந்தது, அது அப்போதுதான் புரிந்தது. கழிவைச் சின்ன டப்பாவில் எடுத்துக்கொண்டு, ஆமையைச் சாப்பாட்டுப் பாத்திரத்தில் வைத்து மாட்டு டாக்டரிடம் போனேன். எனக்கு முன்னால் ஒரு எருமை, பின்னால் ஒரு ஆடு. டாக்டர் சிரிக்கவில்லை, அதுவே பெரிய ஆறுதல். மைக்ரோஸ்கோப்பில் பார்த்து முட்டை இருக்கிறது என்றார், தராசில் எடை போட்டார் (தராசையும் நனைத்துவிட்டது), அந்த எடைக்கு மருந்து கொடுத்தார். சரியாகிவிட்டது.

வடசேரிவாசி:
இரணியல்காரி சொன்னது கண்ணாடியில் ஏறிய புழுவை. நீங்கள் சொல்வது வயிற்றுக்குள் இருந்த புழுவை. இரண்டையும் ஒன்றாக்கி அந்தப் பெண்ணைப் பயமுறுத்த வேண்டாம்.

பூதப்பாண்டி வெற்றிலை:
பயமுறுத்தவில்லை. கழிவையும் ஒருதடவை பாருங்கள் என்கிறேன், அவ்வளவுதான்.

குலசேகரம் ரப்பர்:
மருந்து என்றதும் சொல்கிறேன். யாரும் கடையில் கேட்டு வாங்கிக் கொடுத்துவிடாதீர்கள். பக்கத்து வீட்டு ஆமைக்குப் புழு என்று ஒருவர் ஆட்டுக்குப் போடும் ஐவர்மெக்டினைச் சொட்டு விட்டார். மறுநாள் என்னைக் கூப்பிட்டுக் காட்டினார்கள். கழுத்து வெளியே தொங்குகிறது, தொட்டால் உள்ளே இழுக்க முயற்சி பண்ணுகிறது, பாதி போய் நின்றுவிடுகிறது. காலும் அப்படியே. ஆமை இனத்துக்கு அந்த மருந்து ஆகவே ஆகாது, கை கால் விழுந்து செத்துப்போகும். ஆட்டுக்கும் நாய்க்கும் நல்லது என்றால் எல்லாவற்றுக்கும் நல்லது என்று நினைக்கிறார்கள். சாயங்காலம் செத்துவிட்டது. அந்த வீட்டுப் பிள்ளை அந்தக் கழுத்தைப் பிடித்து உள்ளே தள்ளிக்கொண்டே இருந்தாள்.

சுசீந்திரம் தெப்பம்:
எங்கள் வீட்டில் கிணற்றுக்கு வாங்கி வைத்த பிளீச்சிங் பவுடரை அம்மா ஒரு பிடி அள்ளித் தொட்டியில் போட்டுவிட்டார், "புழு சாகட்டும்" என்று. வாசலில் நுழையும்போதே நெடி. ஆமை கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு மூலையில் சுவரில் ஏறப் பார்க்கிறது. தூக்கி நல்ல தண்ணீரில் விட்டோம், கண் வீக்கம் இறங்கவே நாளானது. புழு செத்ததா என்றால் மேலே இருந்தது செத்தது. கூழாங்கல்லுக்குள் இருந்தது மறுபடி வந்தது.

தேரூர் பறவை:
உங்கள் மாமியார் சொன்னதுக்கு யாரும் பதில் சொல்லவில்லை, அதனால் எழுதுகிறேன். ஆற்றில் விடாதீர்கள், குளத்திலும் விடாதீர்கள். சிவப்புக் காது ஆமையின் சொந்த ஊர் அமெரிக்காவில் மிசிசிப்பி ஆற்றுப் பக்கம். உலகத்தில் மிக மோசமாக ஊடுருவிப் பரவும் 100 உயிரினப் பட்டியலில் அதுவும் ஒன்று. தேரூர் குளக்கரையில் நாமக்கோழி பார்க்கத் தொலைநோக்கியோடு நின்றேன். பாதி மூழ்கிய தென்னந்தடியில் நம்ம ஊர்க் காராமை ஒன்று வெயில் காய்ந்துகொண்டிருந்தது. தண்ணீருக்குள் இருந்து இன்னொன்று ஏறி, அதைத் தோளால் தள்ளிவிட்டு இடத்தைப் பிடித்தது. திரும்பியபோது கன்னத்தில் சிவப்புக் கோடு. யார் வீட்டுத் தொட்டியில் இருந்து வந்ததோ! சுசீந்திரம் தேரூர் நீர்நிலை 2022ல் ராம்சார் பட்டியலில் (உலக அளவில் முக்கியமான நீர்நிலைகளின் பட்டியல்) சேர்ந்தது, வேம்பனூரும் அதே வருஷம்தான். அங்கே கொண்டு போய் யாராவது இப்படி விடுவார்களா?

குழித்துறை பாலம்:
அப்போ வயலில் கிடைக்கிற நம்ம ஊர் ஆமையை வளர்த்தால் சரியா? அதில் புழுவும் வராது.

தேரூர் பறவை:
அது அதைவிடச் சிக்கல். நம்ம ஊர்க் காராமை, பாலாமையை வீட்டில் வைப்பது 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். புழு வராது என்று யார் சொன்னது? வயல் ஆமையின் தொடை இடுக்கைப் பார்த்திருக்கிறீர்களா, அட்டை ஒட்டிக்கொண்டு இருக்கும்.

இரணியல்காரி:
எல்லாருக்கும் நன்றி. டார்ச் அடித்துப் பார்த்தேன். உருண்டைதான், தலையில் முக்கோணம் இல்லை. வளைந்து வளைந்து நீந்துகிறது. கழிவிலும் ஒன்றும் இல்லை. கூழாங்கல் முழுவதையும் அள்ளி வெளியே போட்டேன். அடியில் ஊறிப் பருத்த பெல்லட் ஒரு கை நிறைய, கூடவே ஒரு பிஸ்கட் துண்டு. அது யார் வேலை என்று விசாரணை நடக்கிறது. தீனி இப்போது பழைய ஐஸ்கிரீம் டப்பாவில். ஆமைக்குப் பிடிக்கவில்லை, டப்பாவை உதைக்கிறது, ஆனால் தின்கிறது. கண்ணாடியில் அங்கங்கே ஒன்றிரண்டுதான் தெரிகிறது. மோட்டாருக்குப் பேட்டரியில் ஓடும் சின்னக் காற்றுப் பம்பு ஒன்று வாங்கச் சொல்லி இருக்கிறேன், அடுத்த காற்றுக்கு.

இன்னும் ஒரு சந்தேகம். இந்தப் புழுத் தண்ணீரைத் தென்னை மூட்டில் ஊற்றலாமா? மாமியார் கேட்கச் சொன்னார்.

கருங்கல் நர்ஸ்:
தென்னைக்கு ஊற்றுங்கள். பிச்சிக்கும் ஊற்றலாம். கீரைப் பாத்தியில் மட்டும் வேண்டாம்.

மார்த்தாண்டம் ஆமைப்பிரியன்:
உப்புப் போடாத தண்ணீர்தானே? தென்னைக்கு உப்பு ஓரளவு தாங்கும், ஆனால் பிச்சிக்கு...

குழித்துறை பாலம்:
ஆரம்பிச்சாச்சு.