வெள்ளம் வாற வழி படத்தில் இல்லை

யாழ்ப்பாணத்தில் எங்கள் ஊர்க் குளத்தைத் திருத்த ஒரு திட்டம் வந்தபோது நடந்ததை எழுதுகிறேன். ஊர்க் கூட்டம் வைத்து, சனசமூக நிலையத்துச் சுவரில் பெரிய வரைபடம் ஒன்றை ஒட்டினார்கள். சுற்றிவரச் சீமெந்துக் கட்டு, நடைபாதை, விளக்குகள். வடிவாகத்தான் இருந்தது, எனக்கும் பிடித்தது.

பின்னால் இருந்த ஆச்சி ஒருவர் எழும்பி, "தம்பி, வெள்ளம் எந்தப் பக்கத்தால வாறது? படத்தில காணேல்லையே" என்று கேட்டார்.

படம் கீறிய பிள்ளைகள் குளத்தை அளந்தது ஆடி மாதம். வாய்க்கால் காய்ந்து, பற்றை மூடி, ஒழுங்கை மாதிரிக் கிடந்திருக்கும். அந்தப் பிள்ளைகளில் பிழை சொல்ல மாட்டேன். படம் கீறிய தம்பி உடனே, "வாங்கோ அம்மா, காட்டுங்கோ" என்று எழும்பிவிட்டார். பதினைந்து பேர் பின்னால் போனோம். பனங்கூடல் தாண்டி, இரண்டு வளவுகளுக்கு நடுவால் போனால், வீதியை உயர்த்தியபோது மண் மூடிய மதகு! குளம் ஏன் வருசக்கணக்காகப் பாதிகூட நிரம்பவில்லை என்று அங்கேதான் விளங்கியது.

இது சின்ன விசயமில்லை. யாழ்ப்பாணத்தில் வருடம் முழுக்க ஓடும் ஆறு கிடையாது. வழுக்கையாறுகூட மாரியில் ஓடி அராலிப் பக்கம் கடலேரியில் சேர்ந்துவிடும். ஐப்பசி முதல் மார்கழி வரை பெய்யும் மழை குளத்தில் நின்று சுண்ணாம்புக்கல்லுக்குள் இறங்கினால்தான் கிணற்றில் நல்ல தண்ணீர். அந்த நல்ல தண்ணீரும் உவர்நீருக்கு மேலேதான் மிதக்கிறது. அளவு மிஞ்சி இறைத்தால் கீழிருந்து உப்பு ஏறும்.

சரி, கடைசியில் மதகைத்தான் முதலில் திறந்தார்கள். கட்டு வீதிப் பக்கம் மட்டும். மாடுகள் உடம்பைத் தேய்க்கும் ஆவுரஞ்சிக்கல்லும் அவை இறங்கும் சரிவும் அப்படியே இருக்கின்றன. தூர்வாரிய மண்ணைத் தோட்டக்காரரே லாண்ட்மாஸ்டரில் (இருசக்கர உழவு இயந்திரத்தில்) ஏற்றிப் போனார்கள்.

வேறு ஊர் வாசகர் ஒருவரின் மறுமொழி: எங்கள் ஊரில் இப்படியான கூட்டத்தைக் காலை பத்து மணிக்கு வைத்தார்கள். தோட்டக்காரர் இறைப்பில் நிற்கிற நேரம். வந்தது எட்டுப் பேர், எல்லோரும் ஓய்வுபெற்ற உத்தியோகத்தர். அடுத்ததைக் கோயில் மாலைப் பூசை முடிந்த கையோடு, கோயில் வீதியில் பாய் விரித்து வைத்தோம். பெண்கள் மட்டுமே முப்பதுக்கு மேல். எந்தக் கிணறு எந்த மாதம் உவராகிறது என்று வீடு வீடாகச் சொன்னது அவர்கள்தான். தேத்தண்ணியில் முதலில் தெரியுமாம்.