பத்தாம் வகுப்பு ஸ்க்ராட்ச்: செய்ய வைப்பதா, மனப்பாடமா?

கணக்கு வாத்தியார்:
தமிழ்நாட்டுப் பத்தாம் வகுப்பு அறிவியல் புத்தகத்தின் கடைசியில் காட்சித் தொடர்பு என்ற அலகில் ஸ்க்ராட்ச் வருகிறது. 2007இல் அமெரிக்காவின் எம்ஐடி மீடியா லேப் வெளியிட்ட இலவச மென்பொருள். கட்டளைக் கட்டங்களை இழுத்து ஒட்டி, பிள்ளைகள் தாங்களே அனிமேஷனும் விளையாட்டும் செய்வதற்கென்றே உருவானது. நாம் என்ன செய்கிறோம்? மேடை, ஸ்ப்ரைட் (திரையில் நகரும் உருவம்), ஸ்கிரிப்ட் (அதை இயக்கும் கட்டளைத் தொடர்) என்று பலகையில் எழுதிப் போட்டு, ஒரு மதிப்பெண் வினாவுக்கு உருப்போட வைக்கிறோம். கம்ப்யூட்டரைத் தொடாமலே அலகு முடிந்துவிடுகிறது. இது பிள்ளைகளுக்குச் செய்யும் அநியாயம்.

அறிவியல் டீச்சர்:
சார், எங்கள் ஹைடெக் லேபில் பத்து கம்ப்யூட்டர், வகுப்பில் 42 பேர். நாலு பேருக்கு ஒன்று கொடுத்தால் மவுஸ் ஒரே பிள்ளை கையில்தான் இருக்கும், மற்றவர்கள் வேடிக்கை பார்ப்பார்கள். ஆன்லைன் மதிப்பீடு வந்தால் லேபே கிடைக்காது. ஒளியியலும் கார்பன் சேர்மங்களும் புரியாமல் நிற்கும் பிள்ளைக்கு அனிமேஷன் எதற்கு?

கணக்கு வாத்தியார்:
அனிமேஷனை விடுங்கள் டீச்சர், ஸ்க்ராட்சில் ஒரு அறுகோணம் வரையச் சொல்லிப் பாருங்கள். உள்கோணம் 120 என்று படித்திருப்பதால் ஒவ்வொரு மூலையிலும் பேனா திரும்பும் கோணத்துக்கும் 120 போடுவார்கள். அறுகோணத்துக்குப் பதில் திரையில் முக்கோணம்தான் வரும், பேனா அதன் மேலேயே இரண்டு சுற்று ஓடும். ஏன் என்று அவர்களே அடித்துக்கொண்டு யோசிப்பார்கள். 60 போட்டதும் அறுகோணம் வரும். வெளிக்கோணம் என்றால் என்ன என்று அதற்குப் பிறகு நான் சொல்ல வேண்டியதில்லை. சுற்றி நிற்கும் மூன்று பேரும் சும்மா இருக்க மாட்டார்கள்.

அறிவியல் டீச்சர்:
கோணமானியும் அடிஸ்கேலும் இருந்தால் போதுமே.

கணக்கு வாத்தியார்:
கோணமானியில் பிள்ளை கண்ணால் பார்த்துச் சரிசெய்துகொள்வான். ஸ்க்ராட்ச் அவன் சொன்னதை மட்டும்தான் செய்யும். தப்பு அப்படியே திரையில் நிற்கும்.

பாலக்காட்டுத் தமிழன்:
கேரளத்தில் 2018 முதல் லிட்டில் கைட்ஸ் என்ற மாணவர் மன்றம் இருக்கிறது. அனிமேஷன், ஸ்க்ராட்ச் எல்லாம் கட்டற்ற மென்பொருளில் செய்கிறார்கள். இங்கேயும் அப்படி மன்றமாக நடத்தலாமே. பாடவேளை கெடாது.

கணக்கு வாத்தியார்:
அந்த மன்றத்தில் சேர நுழைவுத் தேர்வு உண்டு. தேறாத பிள்ளைக்கு? எனக்கு வகுப்பு முழுக்க வேண்டும். நம் அறிவியலில் 25 மதிப்பெண் செய்முறை இருக்கிறது, அதில் ஒரு ஸ்க்ராட்ச் பயிற்சியைச் சேர்த்தால் லேப் கதவு தானாகத் திறக்கும்.

அறிவியல் டீச்சர்:
சேர்த்தால் அறுகோணத்துக்கு 60 என்று அதையும் உருப்போடுவார்கள்.

கணக்கு வாத்தியார்:
ஏழு பக்கமுள்ள உருவத்தைக் கேளுங்கள். 360ஐ ஏழால் வகுத்தால் முழு எண் வராது. கட்டளைக் கட்டத்துக்குள் வகுத்தலையே போட வேண்டும்.

அறிவியல் டீச்சர்:
வினா நல்ல வினா சார். ஆனால் செய்முறைத் தேர்வில் ஆளுக்கு ஒரு கம்ப்யூட்டர் வேண்டும். 42 பேர் என்றால் ஐந்து பேட்ச். எட்டாம் வகுப்பிலேயே இதைத் தொடங்குவதென்றால் நான் தயார், பத்தாம் வகுப்பில் கேட்காதீர்கள்.