மறுமொழி: சீனக் காசுகள் – ‘மறுவார்ப்பு’ வேண்டாம், ‘படிவார்ப்பு’?

வணக்கம். சீனக் காசுகள் பற்றிய கலைச்சொல் பட்டியலுக்காக நீங்கள் எழுதியது:

> உண்மைக் காசிலிருந்து அச்செடுத்து வார்த்ததை ‘மறுவார்ப்பு’ எனலாமே? இல்லாவிட்டால் ‘போலி’ போதும்.

‘மறுவார்ப்பு’ என்றால் பழைய காசை உருக்கித் திரும்ப வார்த்ததாகத்தான் வாசகர் நினைப்பார். இங்கே காசு உருகுவதே இல்லை. மணலிலோ களிமண்ணிலோ அதன் பதிவை மட்டும் எடுக்கிறார்கள். கல்வெட்டிலிருந்து படி எடுக்கிறோமே, அந்தப் ‘படி’தான் இது. ஆகவே படிவார்ப்பு.

‘போலி’யில் எனக்கு உடன்பாடே இல்லை. இடைக்கால ஜப்பானில் சொங் அரசமரபுக் காலச் சீனக் காசுகளைக் களிமண்ணில் பதித்து வார்த்துப் புழங்கினார்கள். சாக்காய் நகர அகழாய்வில் அந்த அச்சுகளே கிடைத்திருக்கின்றன. அவை செலவழிக்க வார்த்தவை. சேகரிப்பாளரை ஏமாற்ற இன்று வார்ப்பதும் அதே செய்முறைதான், நோக்கம்தான் வேறு. செய்முறைக்குப் ‘படிவார்ப்பு’ இருக்கட்டும். அக்காலத்தில் திருட்டுத்தனமாக வார்த்துச் செலவழித்ததற்குக் ‘கள்ளக்காசு’ ஏற்கெனவே இருக்கிறது. ‘போலி’யை இக்கால ஏமாற்றுக்கு மட்டும் வைத்துக்கொள்வோம்.

அப்புறம், அக்கசாலையில் (அரசு காசு வார்க்கும் இடத்தில்) மணலில் பதிக்க வைத்திருந்த மூலக் காசு. ‘மாதிரிக்காசு’ என்று ஒருவர் எழுதியிருந்தார்; அது வெள்ளோட்டத்துக்கு வார்த்த காசு போலத் தொனிக்கிறது. சீனர்களே தாய் என்றுதான் சொல்கிறார்கள். தாய்க்காசு என்றால் அளவுக் கணக்கும் எளிதில் விளங்கும்: உருக்கிய உலோகம் ஆறும்போது சுருங்குவதால் பிறந்த காசு தாயைவிடச் சற்றுச் சிறியது. அந்தக் காசையே தாயாக்கிப் படிவார்த்தால் இன்னொரு முறை சுருங்கும்.

தாங் அரசின் கையுவான் தோங்பாவ் காசை (கி.பி. 621) எடுத்துக்கொள்ளுங்கள். குறுக்களவு சுமார் 24–25 மி.மீ. ஒருமுறை சுருங்கினால் குறைவது அரை மி.மீ. கூட இராது. அசல் காசுகளே ஒன்றுக்கொன்று அவ்வளவு வேறுபடும் என்பதால் அளவுகோலை மட்டும் நம்ப முடியாது. உருப்பெருக்கியில், காசிலுள்ள ‘யுவான்’ என்ற சீன எழுத்தைப் பாருங்கள். பல காசுகளில் இரண்டாவது கிடைக்கோட்டின் இடதுமுனை மேல்நோக்கிச் சின்னதாகக் கொக்கி போட்டிருக்கும். படிவார்ப்பில் முதலில் மழுங்குவது அதுபோன்ற நுண்பகுதிகள்தான். கோடுகளுக்கு இடையிலுள்ள பள்ளமும் தூர்ந்துபோய்த் தெரியும்.

சிங் அரசமரபுக் காலத்தில் தாய்க்காசுகளை வார்க்கவே கையால் செதுக்கிய காசு ஒன்று இருந்தது. அதற்கு மூதாய்க்காசு சரியா? மாற்றுக் கருத்து இருந்தால் எழுதுங்கள்.

‘சுருக்கம்’ என்று தனியாக எழுத வேண்டாம், கட்டுரைச் சுருக்கம் என்று பொருள் மாறிவிடும். ‘வார்ப்புச் சுருக்கம்’ என்று முழுதாகவே பட்டியலில் சேர்த்துவிடலாம்.