யங் குட்மேன் பிரவுன்: கெட்டது ஊரா, பிரவுனின் கண்ணா?

வைகறை:
அமெரிக்க எழுத்தாளர் நதானியேல் ஹாதார்னின் 'யங் குட்மேன் பிரவுன்' 1835இல் வெளிவந்த சிறுகதை. படிக்காதவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்கிறேன். களம் பதினேழாம் நூற்றாண்டு அமெரிக்காவின் சேலம் கிராமம், பியூரிட்டன்கள் என்ற கண்டிப்பான கிறிஸ்தவப் பிரிவினரின் ஊர். கல்யாணமாகி மூன்றே மாதமான பிரவுன், மனைவி ஃபெய்த் தடுத்தும் கேளாமல் ஒரு ராத்திரி காட்டுக்குப் போகிறான். அவளுடைய பெயருக்கே விசுவாசம் என்றுதான் பொருள். காட்டில் பாம்பு வடிவக் கைத்தடியோடு சாத்தான் காத்திருக்கிறான். ஊரில் பக்திமான்கள் என்று பெயர் எடுத்தவர்கள் எல்லாரும், அவனுக்கு ஞானோபதேசம் கற்றுக்கொடுத்த க்ளாய்ஸ் அம்மாள், சபை ஊழியரான டீக்கன், போதகர் உட்பட, சாத்தானின் கூட்டத்துக்குப் போவதைப் பார்க்கிறான். கடைசியில் ஃபெய்த்தையும் அங்கே பார்க்கிறான். விடிந்ததும் ஊர் பழையபடியே இருக்கிறது, அவன்தான் மாறிவிட்டான். சாகும்வரை யாரையும் நம்பவில்லை.

என் வாதம் இது: ஹாதார்ன் தோலுரிப்பது பியூரிட்டன் பக்தியின் போலித்தனத்தை. பிரவுன் உண்மையைப் பார்த்துவிட்டான், அந்த உண்மையைத் தாங்க அவனுக்குத் தெம்பில்லை.

செங்காந்தள்:
எனக்கு உடன்பாடில்லை. பிரவுன் உண்மையைப் பார்த்தான் என்பதற்குக் கதையில் என்ன ஆதாரம் இருக்கிறது? கைத்தடி பாம்பாக நெளிவதைச் சொன்ன கையோடு, மங்கலான வெளிச்சத்தில் கண் ஏமாந்திருக்கும் என்கிறார் கதைசொல்லி. டீக்கனும் போதகரும் வரும்போது அவன் கேட்பது குரல்களையும் குளம்படிச் சத்தத்தையும் மட்டும்தான். ஆட்கள் கண்ணில் படவில்லை. சாத்தானின் கூட்டம் நடக்கும் இடத்துப் பாறைக் குழியில் இருப்பது தண்ணீரா, ரத்தமா, திரவ நெருப்பா என்று கடைசிவரை சொல்லவே இல்லை.

ஃபெய்த்தின் ரோஜா நிற ரிப்பனை எடுத்துக்கொள்ளுங்கள். அது வானிலிருந்து விழுந்து கிளையில் மாட்டுகிறது, பிரவுன் கையில் எடுக்கிறான், என் ஃபெய்த் போய்விட்டாள் என்று கதறுகிறான். அவன் முழுசாக உடைவது அங்கேதான். ஆனால் மறுநாள் காலை ஃபெய்த் தெருவில் துள்ளி ஓடிவருகிறாள், தலையில் அதே ரோஜா நிற ரிப்பன்கள். அவனுக்கு இருந்த ஒரே பொருள் சாட்சி அது. அவள் தலையிலேயே அது இருப்பதைப் பார்த்தும் ஒரு வார்த்தை பேசாமல் கடந்துபோகிறான்.

ஏட்டுச்சுவடி:
செங்காந்தள் சொன்னதோடு வரலாற்றையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். காட்டுக் காட்சியில் வரும் பெயர்கள் நிஜப் பெயர்கள். சாரா க்ளாய்ஸ், மார்த்தா கோரி, மார்த்தா கேரியர் மூவருமே சேலத்தில் நடந்த 1692 சூனிய வழக்குகளில் குற்றம் சாட்டப்பட்டவர்கள். கேரியர் ஆகஸ்டிலும் கோரி செப்டம்பரிலும் தூக்கிலிடப்பட்டார்கள். சாரா க்ளாய்ஸ் பிழைத்துக்கொண்டார், ஆனால் அவருடைய அக்காமார் ரெபெக்கா நர்ஸ், மேரி ஈஸ்டி இருவரும் தூக்கில்தான் செத்தார்கள். அந்த ஆண்டு தூக்கிலிடப்பட்டவர்கள் மொத்தம் 19 பேர்.

அவர்கள் மாட்டிக்கொண்டது எப்படி? இன்னாருடைய ஆவி உருவம் வந்து என்னைக் கிள்ளியது, குரல்வளையை நெரித்தது என்று யாராவது சொன்னால், நீதிமன்றம் அதைச் சாட்சியமாக எடுத்துக்கொண்டது. ஆள் அந்த நேரத்தில் வீட்டில் தூங்கிக்கொண்டிருந்தாலும் தப்ப முடியாது. ஒரு குற்றமும் செய்யாதவரின் உருவத்தைச் சாத்தான் எடுத்துக்கொள்ள முடியுமா என்ற கேள்வியைப் போதகர்கள் அப்போதே எழுப்பினார்கள். போதகர் இன்கிரீஸ் மேதர் அக்டோபரில் இந்தச் சாட்சியத்துக்கு எதிராக எழுதினார், ஆளுநர் ஃபிப்ஸ் அந்த வழக்குகளை விசாரித்த சிறப்பு நீதிமன்றத்தைக் கலைத்தார்.

பிரவுன் காட்டில் பார்ப்பது அதே மாதிரி உருவங்கள். க்ளாய்ஸ் அம்மாள் சூனியக்காரி என்று பிரவுனோடு சேர்ந்து நாமும் நம்பினால், 1692 நீதிபதிகளின் பக்கம் போய் நிற்கிறோம். அந்த நீதிபதிகளில் ஒருவர் ஹாதார்னின் கொள்ளுத்தாத்தாவுக்குத் தந்தை, ஜான் ஹாதார்ன். சக நீதிபதி சாமுவேல் சீவால் 1697இல் சபை முன்னால் எழுந்து நின்று தன் குற்றத்தை ஒப்புக்கொண்டார். ஜான் ஹாதார்ன் அப்படி எதுவும் செய்யவில்லை. அந்த வம்சத்தில் பிறந்தவர் எழுதிய கதை என்பதை மனதில் வைத்துப் படியுங்கள்.

வைகறை:
ஏட்டுச்சுவடி ஐயா, நீங்கள் கொண்டுவந்த வரலாறே என் பக்கமும் பேசுகிறது. சாத்தான் பிரவுனிடம் பெருமையடிக்கும் இடம் நினைவிருக்கிறதா? உன் தாத்தா குவேக்கர் (வேறொரு கிறிஸ்தவப் பிரிவு) பெண்ணைச் சேலம் தெருவில் சாட்டையால் அடித்தபோது நான்தான் உதவினேன், உன் அப்பா செவ்விந்தியர் கிராமத்துக்குத் தீ வைக்க நான்தான் பைன் விறகைக் கொளுத்திக் கொடுத்தேன் என்கிறான். இதில் எது மாயத்தோற்றம்? குவேக்கர்களைச் சாட்டையால் அடித்தது நடந்தது. ஹாதார்ன் வம்சத்தின் முதல் அமெரிக்க மூதாதை வில்லியம் ஹாதார்னே குவேக்கர்களைத் துன்புறுத்தியவர். செவ்விந்தியர்களோடு நடந்த 1675-76 போரில் கிராமங்கள் எரிந்ததும் நடந்தது. அந்தப் பக்திமான்கள் கையில் ரத்தம் இருந்தது.

அப்புறம், பிரவுனின் கண் ஏன் அப்படி ஆனது? யார் ரட்சிக்கப்படுவார்கள் என்று தேவன் முன்னமே தீர்மானித்துவிட்டார் என்று போதித்த சபை அது. உறுப்பினராக வேண்டுமானால், தான் மனம் திரும்பிய அனுபவத்தைச் சபை முன்னால் சொல்லி அவர்களை நம்பவைக்க வேண்டும். ஒருவர் நெஞ்சில் இருப்பதை இன்னொருவர் வேவு பார்க்கும் பழக்கத்தைச் சபையே வளர்த்துவிட்டது. அதில் வளர்ந்த பையன் ஊரைச் சந்தேகித்தால் தப்பு பையன் மேல் மட்டுமா?

செங்காந்தள்:
தாத்தா செய்த பாவம் உண்மை, ஒத்துக்கொள்கிறேன். சாத்தானின் கெட்டிக்காரத்தனமே அதில்தான் இருக்கிறது: நடந்ததைச் சொல்லி நம்பவைத்துவிட்டு, எல்லாருமே இப்படித்தான் என்ற முடிவுக்குத் தள்ளிவிடுகிறான். அந்த முடிவு பிரவுன் எடுத்தது. தாத்தாவின் சாட்டை ஃபெய்த்துக்கு எதிரான சாட்சி ஆகாது.

பிரவுனுக்கு வந்த சோதனை என்றால் காட்டுக்குப் போனது மட்டும்தான் என்று இங்கே எல்லாரும் நினைத்துவிடுகிறோம். காட்டில் அவன் பலமுறை மறுக்கிறான், மரக்கட்டையில் உட்கார்ந்து இதற்கு மேல் ஒரு அடி வைக்கமாட்டேன் என்கிறான். உண்மையான சோதனை மறுநாள் காலைதான். அதில் அவன் தோற்றுப்போனான்.

நெய்தல்:
ஃபெய்த்தைப் பற்றி எல்லாரும் ரிப்பனோடு நிறுத்திக்கொண்டீர்கள். அவள் கதையின் தொடக்கத்தில் என்ன சொல்கிறாள்? இன்றைக்கு மட்டும் போகாதீர்கள், தனியாக இருக்கும் பெண்ணுக்கு வரும் கனவுகளையும் நினைப்புகளையும் கண்டு சில சமயம் அவளுக்கே தன்னைப் பயமாக இருக்கும் என்கிறாள். தனக்குள்ளும் சோதனை இருக்கிறது என்று வாய்விட்டுச் சொல்லும் ஒரே ஆள் இந்தக் கதையில் அவள்தான். பிரவுன் பதில் என்ன? ஜெபம் பண்ணிவிட்டுச் சீக்கிரம் படுத்துக்கொள். நகர்ந்ததும் மனதுக்குள், இந்த ஒரு ராத்திரிக்குப் பிறகு அவள் பாவாடையைப் பிடித்துக்கொண்டே மோட்சத்துக்குப் போய்விடுவேன் என்று கணக்குப் போடுகிறான்.

அவள் மோட்சத்துக்குப் போகும் வழித்துணையாக வேண்டும், பயப்படுகிற பெண்ணாக வேண்டாம். தன் விசுவாசத்தை முழுக்க இன்னொரு மனுஷியின் பரிசுத்தத்தில் கட்டிவைத்தவனுக்கு ஒரு துண்டு ரிப்பனே போதும், எல்லாம் இடிந்துவிடும். எனக்கு அவன் மேல் கோபம்தான் வருகிறது. ஆயுசு முழுக்க அந்த முகத்தோடு குடித்தனம் நடத்தியவள் அவள்தான். குழந்தைகள், பேரக்குழந்தைகள் எல்லாம் பிறந்து, கடைசியில் கிழவியாக அவன் சவத்தின் பின்னால் நடக்கிறாள்.

ஏட்டுச்சுவடி:
நெய்தல் சொன்னது அருமை. இதையே 1836இல் வந்த 'தி மினிஸ்டர்ஸ் பிளாக் வெயில்' கதையோடு வைத்துப் பாருங்கள். போதகர் ஹூப்பர் ஒருநாள் கறுப்புத் துணியால் முகத்தை மறைத்துக்கொள்கிறார், சாகும்வரை எடுப்பதில்லை. மரணப் படுக்கையில், சுற்றிலும் எல்லார் முகத்திலும் கறுப்புத் திரையைப் பார்க்கிறேன் என்கிறார். எல்லாரும் பாவிகள் என்பதில் ஹூப்பரும் பிரவுனும் ஒன்றுதான். ஆனால் ஹூப்பர் முதலில் மூடியது தன் முகத்தை. அதனால்தான் பாவ பாரத்தில் தவிப்பவர்கள் சாகும் நேரத்தில் அவரைக் கூப்பிடுகிறார்கள். பிரவுன் தன்னைத் தவிர மற்ற எல்லாருக்கும் திரை போட்டான்.

வைகறை:
ஹூப்பரை அவ்வளவு சுலபமாக நல்லவர் பட்டியலில் சேர்க்காதீர்கள். அவருக்கு நிச்சயிக்கப்பட்ட எலிசபெத் துணியை ஒரே ஒருமுறை விலக்கி என் முகத்தைப் பாருங்கள் என்று கேட்கிறாள், முடியாது என்கிறார். அவளும் கிழவியாகி அவர் படுக்கைப் பக்கத்தில்தான் உட்கார்ந்திருக்கிறாள். ஃபெய்த்துக்கு நேர்ந்தது அவளுக்கும் நேர்ந்திருக்கிறது என்றுதான் நான் படிக்கிறேன். அந்தக் கதைக்குத் தனி இழை திறக்கிறேன். நெய்தல், முதல் பதிவை நீங்கள் எழுதுங்கள்.