ஒரு சொட்டு ரத்தத்தில் மூட்டுத் தேய்மானம் தெரிந்துவிடுமா?

நுண்ணோக்கி:
"தங்க நானோ துகள் போதும், ஒரு சொட்டு ரத்தத்தில் மூட்டுத் தேய்மானத்தைச் சொல்லிவிடலாம்" என்று பரிதி எழுதியிருக்கிறார். படித்ததும் எரிச்சல்தான் வந்தது. துகள் எதையும் சொல்லாது. அதன்மேல் ஒட்டிய ஆன்டிபாடி, அதாவது எதிர்ப்பொருள், பிடிக்கும் புரதத்தைத்தான் காட்டும். தேய்மானத்தின் அடையாளம் என்று அவர் கொண்டாடும் காம்ப் (COMP) புரதம் குருத்தெலும்பில் மட்டுமல்ல, தசைநாணிலும் இருக்கிறது. அரை மணி நேரம் நடந்தாலே ரத்தத்தில் கூடிவிடுகிறது.

பரிதி:
கர்ப்பப் பரிசோதனைப் பட்டையில் தெரியும் சிவப்புக் கோடு பெரும்பாலும் தங்கத் துகள்தான். அதை உலகமே நம்புகிறது, உங்களுக்கு மட்டும் எரிச்சல். எக்ஸ்ரேயில் குருத்தெலும்பு தெரிவதே இல்லை. எலும்புகளின் இடைவெளி குறைந்த பிறகுதான் தேய்மானம் புரிகிறது. அதுவரை காத்திருக்கச் சொல்கிறீர்களா?

நுண்ணோக்கி:
எக்ஸ்ரேயை இழுத்தது நீங்கள். நான் கேட்டது அரை மணி நேர நடை. கர்ப்பத்தில் ஏறக்குறைய இல்லாத ஹார்மோன் புதிதாகப் பெருகுகிறது. கோடு விழுந்தால் போதும். காம்ப் நோயில்லாதவர் ரத்தத்திலும் இருக்கிறது. எவ்வளவு என்பதுதான் கேள்வி. அதற்குக் கோடு எப்படிப் பதில் சொல்லும்?

தாமரை:
உடலின் எதிர்ப்பாற்றலே மூட்டைத் தாக்கும் முடக்குவாதத்தை ஏன் விட்டுவிட்டீர்கள்? அந்த நோயைக் காட்டும் சிசிபி (CCP) எதிர்ப்பொருள் வலி தொடங்குவதற்குப் பல ஆண்டுகள் முன்பே ரத்தத்தில் தென்படலாம். அங்கே இந்தத் துகள் கட்டாயம் உதவும்.

நுண்ணோக்கி:
அம்மா, அது வேறு நோய். தேய்மானத்தைப் பற்றிப் பேசும்போது அதைக் கலக்காதீர்கள்.

தாமரை:
தலைப்பைப் பாருங்கள், "மூட்டு" என்ற சொல் அதில் இருக்கிறது. அதட்டாமல் பேசுங்கள்.

பரிதி:
இவர் எப்போதும் இப்படித்தான். மூட்டுவலிக்கு விற்கும் குளுக்கோசமின் மாத்திரை பற்றிய விவாதத்திலும் எல்லோரையும் அதட்டித்தான் வாயை அடைத்தார்.

நுண்ணோக்கி:
அங்கேயும் நீங்கள் பதில் சொல்லாமல்தான் போனீர்கள். இங்கேயும் நடைக்குப் பதில் இல்லை. இன்னொன்றும் கேட்கிறேன். கரைசலில் துகள்கள் தனித்திருந்தால் சிவப்பு, புரதத்தைப் பிடித்துத் திரண்டால் நீலம் என்று பெருமையாக எழுதினீர்கள். உப்பு கூடினாலும் திரளும். ரத்தத்தில் விட்ட உடனே ஆல்புமின் முதலான புரதங்கள் துகளைப் போர்த்திக்கொள்ளும். நீலம் எதனால் வந்தது என்று எப்படிப் பிரிப்பீர்கள்?

பரிதி:
துகளுக்குப் பாதுகாப்புப் பூச்சு என்று ஒன்று இருக்கிறது, ஐயா. பாலிஎத்திலீன் கிளைக்கால் என்று தேடிப் பாருங்கள். முன்னேற்றம் என்றாலே உங்களுக்கு ஆகாது.

நுண்ணோக்கி:
பூச்சு இருக்கட்டும். ரத்தம் எடுக்கும் முன் அவர் நடந்தாரா, உட்கார்ந்திருந்தாரா? அந்தப் புரதம் முழங்காலிலிருந்து வந்ததா, இடுப்பிலிருந்து வந்ததா? இவற்றுக்குப் பதில் எழுதுங்கள்.

பரிதி:
முதலில் தாமரையிடம் மன்னிப்புக் கேளுங்கள். பிறகு எழுதுகிறேன்.