பல்பகுதி மின்னஞ்சல் நிரல்: விளக்கக் குறிப்பு வேண்டுமா, சோதனை போதுமா?

செம்பனைக்காடு (சுங்கை சிப்புட்):
எங்கள் ஊர்க் கூட்டுறவுச் சங்கம் மாதந்தோறும் உறுப்பினர்களுக்குக் கணக்கறிக்கையை மின்னஞ்சலில் அனுப்புகிறது. எளிய உரை, எச்.டி.எம்.எல் என்னும் இணையப்பக்க வடிவம், அதனுள் தெரியும் சங்கச் சின்னம், தனி இணைப்பாகப் பி.டி.எஃப் அறிக்கை ஆகிய நான்கும் ஒரே மடலில் செல்கின்றன. மடலைக் கட்டும், பைத்தான் என்னும் நிரல்மொழியில் எழுதிய நிரலைப் பார்த்துக்கொள்ளும் இளைஞர்கள் வேலை கிடைத்ததும் கோலாலம்பூருக்கோ சிங்கப்பூருக்கோ போய்விடுவார்கள். தோட்டப்புற ஊர்களில் இது புதிதன்று. ஆகவே, ஒவ்வொரு முடிவுக்கும் உரிய காரணத்தை நிரலுக்குள்ளேயே முழு வாக்கியங்களில் எழுதி வைக்க வேண்டும் என்கிறேன். ஒரே செய்தியை மாற்று வடிவங்களில் தரும் மல்டிபார்ட்/ஆல்டர்நேட்டிவ் பகுதியில் எளிய உரை முதலிலும் எச்.டி.எம்.எல் கடைசியிலும் வர வேண்டும். ஏனெனில் தன்னால் காட்ட முடிந்தவற்றுள் கடைசியில் இருப்பதையே அஞ்சல் செயலி தேர்ந்தெடுக்க வேண்டும் என்று ஆர்.எஃப்.சி 2046 என்னும் இணையத் தர ஆவணம் சொல்கிறது. முக்கியமானது முன்னால் இருக்கட்டும் என்று ஒருவர் நல்லெண்ணத்தோடு வரிசையை மாற்றினால் பிழைச் செய்தி எதுவும் வராது. பல உறுப்பினர்கள் வெறும் உரையைத்தான் காண்பார்கள்.

ஈப்போ நிரலர்:
நண்பர் செம்பனைக்காடு அவர்களின் அக்கறையை மதிக்கிறேன், தீர்வை ஏற்கவில்லை. நிரலைத் திருத்துகிறவர் அதன்மேல் உள்ள குறிப்பைத் திருத்துவதில்லை. இரண்டு ஆண்டு கழித்து அந்தக் குறிப்பு பொய் சொல்லும். எளிய உரை முதலில் வருகிறதா என்று பார்க்கும் சோதனை நிரல் ஒன்றை எழுதிவிட்டால், வரிசையை மாற்றியவருக்கு அன்றைக்கே தெரிந்துவிடும். மைம் எனப்படும் பல்பகுதி மடல் விதிகள் 1992இல் ஆர்.எஃப்.சி 1341ஆக வெளிவந்து, 1996இல் திருத்தி அமைக்கப்பட்டு, எல்லோரும் படிக்கும்படி இருக்கின்றன. அவற்றை நாம் ஏன் படியெடுக்க வேண்டும்?

செம்பனைக்காடு:
சோதனை உடைந்தது என்று சொல்லும். ஏன் உடையக் கூடாது என்று சொல்லாது. வரிசையை மாற்ற முடிவு செய்துவிட்டவர் சோதனையையும் சேர்த்தே மாற்றிவிடுவார்.

இன்னொன்றையும் பாருங்கள். ஆர்.எஃப்.சி 2047இன்படி மடலின் தலைப்பில், தமிழ் போன்ற எழுத்துகளை ஆங்கில எழுத்துகளாக மாற்றி எழுதும் குறியேற்றத் துண்டு ஒவ்வொன்றும் 75 எழுத்துக்கு மேற்படக் கூடாது. யூ.டி.எஃப்-8 (எழுத்துகளைப் பைட்டுகளாக்கும் முறை), பேஸ்64 (3 பைட்டை 4 எழுத்தாக்கும் முறை) என அறிவிக்கும் முன்பின் குறிகள் 12 எழுத்தை எடுத்துக்கொள்ள, எஞ்சிய 63இல் நான்கு நான்காக அடுக்கினால் 60தான் பயன்படும். அது 45 பைட்டு. தமிழின் ஒவ்வொரு யூனிகோடு குறியும் 3 பைட்டு என்பதால், புள்ளியும் கொம்பும் தனிக் குறிகளாக எண்ணப்பட, 'சுங்கை சிப்புட்' என்ற ஊர்ப்பெயர் மட்டுமே இடைவெளியோடு 43 பைட்டு ஆகிவிடுகிறது. எனவே 'ஆண்டுப் பொதுக்கூட்டம்' என்று தொடர்வதற்குள் துண்டை வெட்ட வேண்டும். அந்த வெட்டு ஒரு குறியின் 3 பைட்டுகளுக்கு நடுவே விழக் கூடாது. எங்கள் நிரலில் இதைச் செய்யும் இருபது வரிகள் இருக்கின்றன. குறிப்பு இல்லாமல் அவற்றைப் படிப்பவர் தேவையற்ற சுற்றுவழி என்று நினைத்து அழித்துவிடுவார்.

ஈப்போ நிரலர்:
அழிக்கட்டும் என்பதுதான் என் வாதம். அந்த இருபது வரிகளின் வேலையைப் பைத்தானோடு ஆயத்தமாக வரும் மின்னஞ்சல் தொகுப்பே செய்கிறது. மடலின் பகுதிகளைப் பிரிக்கும், 70 எழுத்துக்கு மிகாத எல்லைக்குறியையும் அதுவே தேர்ந்தெடுக்கிறது. தலைப்பைக் கையால் வெட்டும் நிரலுக்கு விளக்கவுரை எழுதுவது, ஓட்டைப் படகுக்கு வண்ணம் பூசுவது போன்றது. நிரலைத் தூக்கி எறிந்தால் குறிப்பில் பாதி தேவைப்படாது.

கோலகங்சார் வாசகர்:
குறுக்கிடுவதற்கு மன்னிக்கவும். தொகுப்பைப் பயன்படுத்தினாலும் முடிவுகள் மறைந்துவிடுவதில்லை. பி.டி.எஃப்பை முதலில் இணைத்துவிட்டுப் பிறகு மாற்று வடிவத்தைச் சேர்க்க முயன்றால், இணைப்பும் கலந்த கலவையான மடலை மாற்று வடிவ மடலாக மாற்ற இயலாது என்று அதே தொகுப்பு பிழை எழுப்பும். தொகுப்பை நிரல் அழைக்கும் வரிசைக்குப் பின்னால் மடலின் உள்ளமைப்பு இருக்கிறது: வெளியே கலவை, அதனுள் மாற்று வடிவப் பகுதியும் பி.டி.எஃப்பும், மாற்று வடிவத்துள் எளிய உரையும், எச்.டி.எம்.எல்லையும் சின்னத்தையும் பிணைக்கும் தொடர்புப் பகுதியும். இந்தக் கிளையமைப்பைக் நிரல் கோப்பின் உச்சியில் வரைந்து வைத்தால் பத்தி பத்தியாக எழுத வேண்டியதில்லை. மொழி எதுவாக இருந்தாலும் படம் புரியும் என்பது எங்களைப் போன்ற ஊர்களில் சிறிய நன்மையன்று. அடுத்து வருபவர் மலாய் வழித் தேசியப் பள்ளியில் படித்தவராக இருக்கலாம்.

ஈப்போ நிரலர்:
கிளைப்படத்தை ஏற்கிறேன், ஆனால் கையால் வரைந்தால் அதுவும் பழசாகிவிடும். சோதனை நிரல் ஒரு மாதிரி மடலைக் கட்டி, அதன் கிளைகளை அச்சிட்டு, கோப்பில் உள்ள படத்தோடு எழுத்துக்கு எழுத்து ஒப்பிடட்டும். வேறுபட்டால் சோதனை தோற்கும். அப்படியென்றால் எனக்கு மறுப்பில்லை.

செம்பனைக்காடு:
படம் தானே உருவாகட்டும், நல்லது. கையால் வெட்டும் இருபது வரிகளும் போகட்டும். ஆனால் எந்தச் சோதனைக்குள்ளும் அடங்காத இரண்டு காரணங்களைப் படத்தின் கீழே எழுதத்தான் போகிறேன். சின்னத்தை இணையத்திலிருந்து இழுக்காமல் மடலுக்குள்ளேயே வைத்திருப்பது, வெளிப்படங்களைப் பல அஞ்சல் செயலிகள் தடுப்பதால். இணைப்பின் வரம்பு 14 மெகாபைட்டு என்றிருப்பது, எங்கள் அஞ்சல் வழங்கி 20 மெகாபைட்டுக்கு மேல் ஏற்காததால்: பேஸ்64இல் ஒவ்வொரு 3 பைட்டும் 4 எழுத்தாகிறது, 76 எழுத்துக்கு ஒருமுறை வரிமுறிவும் சேர்கிறது, ஆக 14 என்பது 19ஐத் தாண்டிவிடுகிறது. காரணம் எழுதப்படாத 14ஐப் பார்க்கும் எவரும், ஆண்டறிக்கையின் புகைப்படங்கள் பெருகும் முதல் மாதத்திலேயே அதை 20 ஆக்கிவிடுவார்.

ஈப்போ நிரலர்:
அந்த எண்ணை 20இலிருந்து நிரலே கணக்கிட்டுக்கொள்ளும்படி எழுதுங்கள். காரணம் சூத்திரத்திலேயே தெரியும். சின்னத்தைப் பற்றிய வரியை மட்டும் விட்டுத் தருகிறேன்.